சிக்கனத் திருமணமும் அதன் சான்றும்: இந்தியாவில் மணச்செலவுக் குறைப்பின் வரலாறு

1. முன்னுரை

திருமணத்தைச் சிறிய செலவில் நடத்த வேண்டும் என்னும் அறிவுரை இந்திய மொழிகள் பலவற்றிலும் ஒன்றரை நூற்றாண்டாகக் கூறப்பட்டு வருகிறது. ஆட்சியாளர்கள் ஆணை பிறப்பித்தனர். சாதிச் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றின. சீர்திருத்த இயக்கங்கள் புதிய சடங்கு முறைகளை வகுத்தன. சட்டமன்றங்கள் சட்டம் இயற்றின. எனினும் மகளின் திருமணத்திற்காக நிலத்தை அடகு வைக்கும் குடும்பம் இன்றும் மறைந்துவிடவில்லை. இதற்கு மக்களின் ஆடம்பர விருப்பமே காரணம் என்று கூறி அமைவது எளிது. ஆயின், வரலாற்றுச் சான்றுகள் அம்முடிபுக்கு முற்றிலும் இடம் தருவனவாக இல்லை.

மணச்செலவு மூன்று பணிகளைச் செய்து வந்துள்ளது. குடும்பத்தின் மதிப்பை ஊரறியக் காட்டுவது ஒன்று. முன்பு பெற்ற உதவிக்குக் கைம்மாறு செய்வது மற்றொன்று. இருவர் கணவன் மனைவி ஆயினர் என்பதற்குச் சான்று படைப்பது மூன்றாவது. எழுத்துப் பதிவு இல்லாத சமுதாயத்தில் விருந்துண்டவர்களே சாட்சிகள். பந்தலும் மேளமும் ஊர்வலமும் அறிவிப்புகள். ஆகவே செலவைக் குறைக்க முற்பட்டவர்கள் அனைவரும், செலவு செய்துவந்த சான்றுப் பணியை இனி எதனிடம் ஒப்படைப்பது என்னும் வினாவை எதிர்கொள்ள நேர்ந்தது. அவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. திருமணம் தொடர்பான சொற்கள் தரும் செய்திகளும் ஆங்காங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. பழந்தமிழ் இலக்கியம் காட்டும் மணம்

அகநானூற்றின் 86ஆம் பாடலும் 136ஆம் பாடலும் பழந்தமிழர் மணநிகழ்ச்சியை விரித்துரைப்பன என்பது ஆய்வாளர் நன்கறிந்த செய்தி. 86ஆம் பாடலில் உழுந்து கலந்து சமைத்த உணவு, கால் நட்ட பந்தல், பரப்பிய மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலைகள் ஆகியன இடம்பெறுகின்றன. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகின்றனர். சுற்றத்தார் அவளைக் கணவனிடம் ஒப்படைக்கின்றனர். 136ஆம் பாடலில் இறைச்சியும் நெய்யும் கலந்த சோறு விருந்தாகிறது. இவ்விரு பாடல்களிலும் தீவலம் வருதலோ, மந்திரம் ஓதும் புரோகிதரோ இல்லை. செலவு எனத் தக்கது பெரும்பாலும் உணவே.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடல் வேறொரு நிலையைக் காட்டுகிறது. அங்குப் பெருவணிகர் இருவர் தம் மக்களுக்கு மணம் செய்விக்கின்றனர். யானை மேல் மகளிரை அமர்த்தி நகர் முழுதும் மணச்செய்தி அறிவிக்கப்படுகிறது. முதிய பார்ப்பான் சடங்கை நடத்துகிறான். மணமக்கள் தீவலம் வருகின்றனர். செல்வ நிலையிலும் சடங்கு முறையிலும் இவ்விரு சித்திரங்களுக்கும் இடையே பெருந்தொலைவு உண்டு. எனினும் பலர் அறிய நடைபெறுதல் என்னும் கூறு இரண்டிற்கும் பொது.

இக்கூறு ஏன் இன்றியமையாததாயிற்று என்பதைத் தொல்காப்பியம் உணர்த்துகிறது. கற்பியலில் மணச்சடங்கு ‘கரணம்’ எனப்படுகிறது. உறவில் பொய்ம்மையும் தவறும் நேர்ந்த பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்பது அந்நூல் தரும் விளக்கம். ஒருத்தியோடு கூடிவிட்டுப் பின்னர் இல்லை என்று மறுப்பதைத் தடுப்பதே சடங்கின் தோற்றக் காரணம் என்பது இதனால் பெறப்படும். அகநானூற்றின் 256ஆம் பாடல் அத்தகைய மறுப்பொன்றைக் குறிப்பிடுகிறது. கள்ளூரில் ஒருவன் தான் நலன் நுகர்ந்த பெண்ணை அறியேன் என்று கூற, அவையத்தார் சான்றுகளை ஆராய்ந்து உண்மை கண்டு அவனைத் தண்டிக்கின்றனர். பெண்ணின் வாழ்வு சாட்சியைச் சார்ந்து நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான பழஞ்சான்று வேண்டுவதில்லை.

3. கைம்மாற்றுச் செலவும் அதன் சொற்களும்

மணச்செலவின் இரண்டாவது பணியாகிய கைம்மாறு, இந்திய மொழிச் சொற்களில் ஆழமாகப் பதிந்துள்ளது. தமிழில் ‘மொய்’ என்னும் சொல் நெருங்குதல், கூட்டம் ஆகிய பொருள்களோடு, திருமணம் முதலிய நிகழ்ச்சிகளில் சுற்றத்தார் அளிக்கும் பணத்தையும் குறிக்கிறது. கன்னடத்தில் ‘முய்யி’ என்பது அத்தகைய அன்பளிப்பை மட்டுமன்றி, பதிலுக்குப் பதில் செய்தலையும் குறிக்கும். நன்மைக்கு நன்மை செய்வதும் தீமைக்குத் தீமை செய்வதும் அச்சொல்லில் அடங்கும். தெலுங்கில் மண அன்பளிப்புக்குரிய ‘சதிவிம்புலு’ என்னும் சொல் படித்தல் என்னும் பொருளுடைய வினையின் பிறவினை வடிவத்திலிருந்து பிறந்தது. யார் எவ்வளவு தந்தார் என்பது அவையில் உரக்கப் படிக்கப்பட்டமையை அச்சொல் இன்றும் நினைவூட்டுகிறது. இந்தியில் ‘நியோதா’ என்பது அழைப்பு என்றும், அழைப்பை ஏற்று வருபவர் கொணரும் பணம் என்றும் இருபொருள் படும்.

இச்சொற்கள் நான்கையும் ஒருங்குவைத்து நோக்கின், மண அன்பளிப்பு ஓர் இலவசக் கொடையன்று, திரும்பச் செலுத்த வேண்டிய கடன் என்னும் கருத்து பல மொழியினர்க்கும் பொதுவாய் இருத்தல் புலனாகும். தமிழகத்தில் மொய்ப் பணம் ஊர்ப்பெயரோடும் ஆட்பெயரோடும் நோட்டில் எழுதப்படுவதும், அந்நோட்டு தலைமுறை கடந்து பாதுகாக்கப்படுவதும் இதன் விளைவே. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் மணவிழாவிலிருந்து பிரிந்து, பணம் திரட்டுதலையே நோக்கமாகக் கொண்ட ‘மொய் விருந்து’ தனி நிகழ்ச்சியாகவே வளர்ந்தது.

சிறு வருவாய் உடைய குடும்பத்திற்கு இம்முறை ஒருவகைக் காப்பு. ஒரே நாளில் நேரும் பெருஞ்செலவைப் பலர் பகிர்ந்து ஏற்கின்றனர்; அதனை அக்குடும்பம் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது. வட்டிக் கடைக்காரரிடம் பெறும் கடனைவிட இது தாங்கத் தக்கது. ஆனால் மொய் செய்தவர்களை அழைக்காமலும் அவர்களுக்கு விருந்திடாமலும் இருத்தல் இயலாது. ஆகவே விருந்தினர் எண்ணிக்கையைக் குறைத்தல் என்னும் எளிய அறிவுரை, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பை இழத்தல் என்னும் பொருளையும் உடன் கொண்டுள்ளது. சிக்கனம் பற்றிய தீர்மானங்கள் பல ஏட்டளவில் நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

4. மேலிருந்து வந்த கட்டுப்பாடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியாளர்கள் மணச்செலவில் தலையிட்டமைக்குப் பெண்சிசுக் கொலை ஒரு முக்கிய காரணமாயிற்று. மகளின் திருமணச் செலவுக்கு அஞ்சியே வட இந்தியாவின் சில குலத்தினர் பெண்மகவைக் கொல்கின்றனர் என்று அவர்கள் கருதினர். பஞ்சாப் ஆங்கிலேயர் வசமாகிய சில ஆண்டுகளில், 1853இல், அமிர்தசரசில் கூட்டப்பட்ட பெருங்கூட்டத்தில் பல சமூகங்களின் தலைவர்கள் மணச்செலவைத் தத்தம் நிலைக்கேற்ப வரையறுத்துக்கொள்ள உடன்பட்டனர். 1870ஆம் ஆண்டின் 8ஆம் சட்டம் பெண்சிசுக் கொலையைத் தடுப்பதற்காக இயற்றப்பட்டது. பிறப்பு இறப்புப் பதிவோடு, குறிப்பிட்ட மக்களின் மணச்செலவுக்கு வரம்பு கட்டும் விதிகளை வகுக்கவும் அச்சட்டம் மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. பெண்குழந்தையின் உயிரும் திருமணப் பந்தலின் செலவும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றமை கருதத் தக்கது.

இராசபுதனத்தில் 1888இல் ஆளுநர் நாயகத்தின் முகவராகிய கர்னல் வால்ட்டரின் முயற்சியால் சுதேச அரசுகளின் பேராளர்கள் ஆசுமீரில் கூடினர். அதன் பயனாக அமைந்த வால்ட்டர்கிருத் இராசபுத்திர இதகாரிணி சபை, இராசபுத்திரர்களின் மணச்செலவை ஆண்டு வருவாயோடு இணைத்து வரையறுத்தது. மணமகளுக்கு 14, மணமகனுக்கு 18 எனக் குறைந்த அளவு வயதையும் குறித்தது. சாரணர், பாட்டர் முதலிய புகழ்பாடுவோர்க்கு மணவீட்டார் வழங்கும் பரிசும் இவ்விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டது. இப்பரிசுக்கு அங்கு வழங்கிய பெயர் ‘தியாக்’ என்பதாகும். தமிழிலும் ‘தியாகம்’ என்னும் சொல் தன்னலம் துறத்தல் என்னும் இன்றைய பொருளுக்கு முன் கொடை என்னும் பொருளில் பெருவழக்காய் இருந்தது. இராசத்தானத்தில் அச்சொல் ஒரு குறிப்பிட்ட மணச்செலவின் பெயராகவே நிலைத்துவிட்டது. பரிசு பெறாத பாணன் இகழ்ந்து பாடுவான் என்னும் அச்சமே அச்செலவை வளர்த்தது. புகழும் பழியும் மணச்செலவின் காரணிகளாய் இருந்தமைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இதே காலத்தில் உழவர் கடன் பற்றிய விவாதமும் எழுந்தது. 1875இல் பூனா, அகமத்நகர் மாவட்டங்களில் உழவர்கள் வட்டிக்கடைக்காரர்களின் பத்திரங்களைக் கைப்பற்றி எரித்தனர். தக்காணக் கலவரங்கள் எனப்பட்ட இந்நிகழ்ச்சிகளை ஆராய்ந்த ஆணையம், உழவரின் கடனுக்குத் திருமணம் முதலிய விழாச் செலவுகளே காரணம் என்னும் கருத்துக்கு அளவுக்கு மீறிய முதன்மை தரப்பட்டுவிட்டது என்று குறிப்பிட்டது. பஞ்சாப் உழவரின் கடன் பற்றி மால்கம் டார்லிங் 1925இல் வெளியிட்ட நூலிலோ மணச்செலவு கடனுக்குரிய காரணங்களுள் ஒன்றாக விரிவாகப் பேசப்படுகிறது. இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று முற்றும் மறுப்பன அல்ல. ஆண்டுதோறும் விதைக்கும் உணவுக்கும் வரிக்கும் வாங்கும் சிறு கடன்கள் உழவனைத் தளர்த்துகின்றன. தளர்ந்தவன் மேல் திருமணக் கடன் ஒரே சுமையாக வந்து விழுகிறது. செல்வர்க்கு ஆடம்பரமாய் அமையும் அதே செலவு வறியவர்க்குத் தவிர்க்க இயலாக் கடமையாகிறது.

மேலிருந்து விதிக்கப்பட்ட இக்கட்டுப்பாடுகளுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை பழைய சடங்கை அப்படியே வைத்துக்கொண்டு அதன் செலவை மட்டும் குறைக்க முயன்றன. செலவுக்கு உள்ளிருந்த மதிப்பும் கைம்மாறும் சான்றும் மாற்றமின்றி நின்றன. ஆகவே கண்காணிப்பு தளர்ந்த இடத்தில் செலவு மீண்டும் வளர்ந்தது.

5. புதிய கரணங்கள்

செலவைக் குறைப்பதற்குச் சடங்கையே மாற்றுதல் வேண்டும் என்று கருதியோர் மற்றொரு மரபினர். இவர்களுள் பெரும்பாலோர்க்குச் சிக்கனம் முதல் நோக்கமன்று. சமயக் கொள்கையோ சமூக சமத்துவமோ முதல் நோக்கமாயிற்று. சிக்கனம் அதன் உடன்விளைவாய் அமைந்தது.

வங்காளத்தில் தேவேந்திரநாத் தாகூர் 1861இல் தம் மகளின் திருமணத்தை உருவ வழிபாட்டுக் கூறுகள் நீக்கிய பிரம்ம சமாச முறையில் நடத்தினார். பஞ்சாபில் நாம்தாரி சீக்கியத் தலைவர் பாபா இராம்சிங் 1863இல் கோட்டே என்னும் ஊரில் ஆனந்த முறைத் திருமணங்களை நடத்தி வைத்தார். வரதட்சிணையும் பெருவிருந்தும் இன்றிப் பல இணையர்க்கு ஒரே இடத்தில் மணம் செய்விக்கும் வழக்கம் அவ்வியக்கத்தில் நிலைபெற்றது.

மராட்டியத்தில் சோதிராவ் புலே 1873 செப்டம்பரில் சத்திய சோதக் சமாசத்தை நிறுவினார். அவ்வாண்டு இறுதியிலேயே அச்சமாச முறையில் புரோகிதர் இல்லாத முதல் திருமணம் நடைபெற்றது. 1887இல் புலே வெளியிட்ட சடங்கு நூலில் மணமக்கள் ஒருவரோடு ஒருவர் உரையாடும் மராத்தி மங்கலப் பாடல்கள் அமைந்துள்ளன. அவற்றில் மணமகள் பெண்ணின் உரிமை பற்றிக் கேட்கிறாள். மணமகன் அவ்வுரிமையை வழங்குவதாக உறுதி கூறுகிறான். மொழியியல் நோக்கில் இது பெரிய மாற்றமாகும். பழைய சடங்கில் மணமக்கள் பொருள் விளங்காத மொழியில் பிறர் கூறுவதைக் கேட்டு அமர்ந்திருந்தனர். புதிய சடங்கில் அவர்களே தம் தாய்மொழியில் பேசுவோர் ஆயினர். சடங்கின் வலிமை ஓதுபவரிடமிருந்து மணமக்களின் வாய்மொழிக்கு இடம் மாறியது. ஓதுபவர் இல்லாதபோது அவர்க்குரிய தட்சிணையும் இல்லாதாயிற்று.

தமிழகத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் ஈ.வெ.இராமசாமி தலைமையில் நடைபெற்றதாகக் கூறப்படும். இதனைத் தொடர்ந்து இத்தகைய திருமணங்கள் பரவின. ‘குடிஅரசு’ இதழ் அவற்றைப் பற்றிய செய்திகளை வெளியிட்டு வந்தது. தலைவர் ஒருவர் முன்னிலை வகித்தல், மணமக்கள் உறுதிமொழி கூறுதல், மாலை மாற்றுதல், அறிஞர் சொற்பொழிவு ஆகியவை இதன் கூறுகள். நல்ல நேரம் பார்த்தல் கைவிடப்பட்டது. மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கப்பட்டிருந்த கைம்பெண்கள் முன்னிடம் பெற்றனர். பல நாள் நிகழ்ச்சி சில மணி நேரத்தில் முடிந்தது. மாநாட்டுப் பந்தலிலேயே திருமணம் நடத்தப்பட்டபோது, தனிப்பந்தல் செலவும் இல்லாதாயிற்று.

சொற்களும் மாறின. ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’ என்பது ‘திருமண அழைப்பிதழ்’ ஆயிற்று. ‘கன்னிகாதானம்’ என்னும் கொடைக் கருத்து விலக்கப்பட்டு ‘வாழ்க்கை ஒப்பந்தம்’, ‘வாழ்க்கைத் துணைநலம்’ போன்ற தொடர்கள் வழக்குப் பெற்றன. பெண்ணைக் கொடுத்தல் என்னும் சொல்லாட்சி மறையும்போது, கொடையோடு சேர்த்துத் தர வேண்டிய சீர்வரிசைக்கும் கொள்கையளவில் இடமில்லாமற் போகிறது. ‘சீர்’ என்னும் சொல் ஒழுங்கு, செம்மை என்றும், மணமகளுக்குப் பிறந்த வீட்டார் தரும் பொருள் என்றும் தமிழில் பொருள்படும். சீர்திருத்தத் திருமணம் என்னும் தொடரில் முதற்பொருளே கருதப்பட்டது. நடைமுறையில் இரண்டாவது பொருளையும் அது திருத்த முற்பட்டது.

6. சட்டத்தின் முன் சிக்கனத் திருமணம்

புதிய கரணங்கள் அனைத்தும் ஒரே இடரை எதிர்கொண்டன. பழைய சடங்கைக் கைவிட்டவர்களின் திருமணத்தைச் சட்டம் ஏற்குமா என்பதே அது. பிரம்ம சமாசத் திருமணம் சட்டப்படி செல்லத் தக்கதன்று என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் 1860களில் கருத்துத் தெரிவித்தார். கேசவ சந்திர சென் முதலியோரின் முயற்சியால் 1872இல் 3ஆம் சட்டம் இயற்றப்பட்டது. பதிவாளரும் மூன்று சாட்சிகளும் இருக்க, மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறுதலே அச்சட்டப்படி போதுமானது. ஆனால் மணமக்கள் தாம் இந்து, முகம்மதியம், கிறித்தவம் முதலிய சமயங்களைச் சாராதவர் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. செலவு மிகக் குறைந்த இம்முறைக்குச் சமயத் துறப்பு விலையாயிற்று. 1923ஆம் ஆண்டுத் திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமண சமயத்தார் தம்முள் மணந்துகொள்ளும்போது இவ்விலையைச் செலுத்த வேண்டாதபடி செய்தது. இச்சட்டத்தின் இடத்தை 1954இல் சிறப்புத் திருமணச் சட்டம் பெற்றது.

சீக்கியர்களின் ஆனந்த முறை 1909இலும், ஆரிய சமாசத்தாரின் திருமணங்கள் 1937இலும் தனிச் சட்டங்களால் உறுதிப்பட்டன. சுயமரியாதைத் திருமணத்திற்கோ அத்தகைய ஏற்பு நெடுங்காலம் கிட்டவில்லை. 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில், ஓமமும் சப்தபதியும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் முடிவு செய்தது. சாத்திர விதியும் இல்லை, நீண்டகால வழக்காறும் இல்லை என்பது அம்முடிவின் அடிப்படை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மணமக்களுள் ஒருவருடைய மரபுச் சடங்குகளை வேண்டியதால், வழக்காறாக முதிராத புதிய முறைக்கு அதனாலும் பாதுகாப்புக் கிட்டவில்லை.

இதன் விளைவு சிறிதன்று. கொள்கைக்காகவும் சிக்கனத்திற்காகவும் மேடையில் மாலை மாற்றிக்கொண்ட பெண் சட்டத்தின் கண்ணில் மனைவியாகாள். கணவன் இறப்பின் கைம்பெண்ணுக்குரிய சொத்துரிமை ஐயத்திற்குரியதாகும். பிள்ளைகளின் பிறப்புரிமையும் வழக்கிற்கு உள்ளாகும். கணவன் வேறொருத்தியை மணந்தால் அவன் மீது குற்றம் சாட்டவும் இயலாது. ஆயிரம் பேர் கூடிய மாநாட்டில் நடந்த மணமும் இந்நிலைக்கு விலக்கன்று. கள்ளூர் அவையில் எழுந்த அதே வினா இருபதாம் நூற்றாண்டின் நீதிமன்றத்தில் மீண்டும் எழுந்தது. அங்கு சாட்சிகள் உண்மையை நிலைநாட்டினர். இங்குச் சாட்சிகள் இருந்தும் கரணம் ஏற்கப்படவில்லை.

சி.என்.அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேற்றப்பட்ட இந்துத் திருமண (சென்னைத் திருத்த)ச் சட்டம் இக்குறையை நீக்கியது. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதனால் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவின் மொழியமைப்பு தனித்து நோக்கத் தக்கது. முதலாவதாக, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அப்பிரிவில் ‘சுயமரியாதை’, ‘சீர்திருத்த’ என்னும் தமிழ் வழக்குச் சொற்கள் ஒலிபெயர்ப்பாக இடம்பெற்றுள்ளன. வேறு எப்பெயரால் அழைக்கப்படினும் ஏற்கத் தக்கது என்றும் கூறப்படுகிறது. இரண்டாவதாக, மணமக்களுக்கு விளங்கும் எம்மொழியிலும் உறுதி கூறலாம் என்று அது வெளிப்படையாக உரைக்கிறது. சடங்கு மொழி பற்றிய நூற்றாண்டு விவாதத்திற்குச் சட்டம் தந்த விடை இது.

மூன்றாவது கூறு ஓர் இடைச்சொல்லைச் சார்ந்தது. ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தல், மாலை மாற்றுதல் அல்லது விரலில் மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் என்னும் செயல்கள் ‘அல்லது’ என்பதன் இணையான சொல்லால் அங்குத் தொடுக்கப்பட்டுள்ளன. ‘உம்’ என்னும் பொருள்படும் சொல் அவ்விடத்தில் அமைந்திருப்பின், தாலியும் மோதிரமும் மாலையும் ஒருசேரக் கட்டாயமாகியிருக்கும். ‘அல்லது’ அமைந்தமையால், பொன் வாங்க இயலாதவர் இரு மாலைகளோடும், மாலையும் வேண்டாதவர் இரு வாக்கியங்களோடும் திருமணத்தை நிறைவேற்றலாம். உறவினர், நண்பர், பிறர் ஆகியோரின் முன்னிலை மட்டும் வேண்டப்படுகிறது. அவர்களுக்கு உணவளிக்க வேண்டும் என்னும் விதி இல்லை. முன்பு நடந்த இத்தகைய திருமணங்களுக்கும், சில விலக்குகளோடு, இப்பிரிவு செல்லுபடி அளித்தது. முன்பு மேடையில் மணந்துகொண்ட பலர் அதனால் சட்டத்தின் முன்னும் கணவன் மனைவியராயினர்.

2001இல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில், இப்பிரிவின்படி நடந்த மணத்திற்குச் சப்தபதி இன்றியமையாததன்று என உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இத்தகைய மணம் பலரறிய நடத்தப்பட வேண்டும் என்னும் கருத்தில் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் வழங்கிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2023இல் இளவரசன் வழக்கில் ஏற்க மறுத்தது. குடும்ப எதிர்ப்புக்கோ உயிர் அச்சத்திற்கோ உள்ளானவர்கள் ஊரறிய மணக்க இயலாது என்னும் நடைமுறை உண்மை அங்குக் கருதப்பட்டது. ஊரறிதல் சிலர்க்குப் பாதுகாப்பு. சிலர்க்கு அதுவே ஆபத்து.

7. விடுதலைக்குப் பின் அரசின் முயற்சிகள்

விடுதலைக்குப் பின்னரும் மேலிருந்து கட்டுப்படுத்தும் மரபு தொடர்ந்தது. உணவுப் பற்றாக்குறை நிலவிய 1960களிலும் 1970களிலும் மாநிலங்கள் பல விருந்தினர் கட்டுப்பாட்டு ஆணைகளைப் பிறப்பித்து, விழாக்களில் உணவளிக்கத் தக்கவர்களின் எண்ணிக்கையை வரையறுத்தன. 1961ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. 1985ஆம் ஆண்டு விதிகள் மணமக்களுக்குத் தரப்படும் அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு வைக்குமாறு பணித்தன. மொய் நோட்டை எவரும் பணிக்காமலே எழுதிவரும் சமுதாயத்தில் இப்பட்டியல் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. மொய் நோட்டு திரும்பப் பெறுவதற்குரிய ஆவணம். அன்பளிப்புப் பட்டியலோ ஐயத்தை எழுப்பும் ஆவணமாகக் கருதப்படுகிறது என்பதே வேறுபாடு.

உதவி அளிக்கும் வழியும் மேற்கொள்ளப்பட்டது. தமிழகத்தில் 1989இல் தொடங்கப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், மணமகள் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையோடு 5,000 ரூபாய் வழங்கியது. பின்னர் உதவித்தொகை உயர்ந்தது. தாலிக்குத் தங்கமும் சேர்க்கப்பட்டது. 2022இல் இத்திட்டம் உயர்கல்வி பயிலும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. திருமணத்திற்கெனத் தரப்பட்ட பொருள் கல்விக்கெனத் திருப்பப்பட்ட இம்மாற்றம் வரலாற்றுச் சிறப்புடையது. கர்நாடகத்தில் தர்மசுதலத்தில் 1972 முதல் ஆண்டுதோறும் கூட்டுத் திருமணங்கள் நடத்தப்பட்டு வருகின்றன. மத்தியப் பிரதேசத்தில் 2006இல் முதலமைச்சர் கன்னியாதானத் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழகச் சீர்திருத்தக்காரர் விலக்கிய கொடைச் சொல்லே அங்கு அரசுத் திட்டத்தின் பெயராக அமைந்தமை, சடங்குச் சொற்களின் வாழ்வு இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதைக் காட்டும்.

2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மணவிழாவுக்கு 50 பேருக்கு மேல் கூடலாகாது என்று நாடு முழுதும் ஒரு கட்டத்தில் வரம்பு விதிக்கப்பட்டது. நூறாண்டு அறிவுரை செய்யாததை நோயச்சம் சில திங்களில் செய்தது. அக்காலத்தில் அழையாமைக்கு ஆணை காரணமாய் நின்றமையால் எவரும் இழிவுறவில்லை. தடை நீங்கியதும் அக்காரணமும் நீங்கியது.

8. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, செலவுக்கு உச்சவரம்பு கட்டும் ஆணைகள் நிலைத்த பயன் தரவில்லை. செலவின் பணியை வேறொன்றிடம் ஒப்படைத்த முயற்சிகளே நிலைபெற்றன. இரண்டாவது, சடங்கின் மொழியை மாற்றியவர்கள் அதன் செலவையும் மாற்றினர். மணமக்கள் தாமே பேசத் தொடங்கியபோது இடையில் நின்ற பலருடைய பங்கு குறைந்தது. மூன்றாவது, சட்ட ஏற்பு இல்லாத சிக்கனம் பெண்ணின் மேல் சுமத்தப்படும் இடராகவே முடிந்தது.

இன்று சிறிய பொருளில் மணம் முடிக்க எண்ணும் குடும்பத்திற்கு இவ்வரலாறு தரும் தெளிவு ஒன்று உண்டு. விருந்து, பந்தல், பொன், ஊர்வலம் ஆகிய அனைத்தும் குறைக்கத் தக்கவை. கரணமும் சாட்சியும் பதிவும் குறைக்கத் தக்கவை அல்ல. திருமணப் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சீமா வழக்கில் கூறியதும், அதனைத் தொடர்ந்து தமிழகம் 2009இல் பதிவுச் சட்டம் இயற்றியதும் இந்நோக்கில் பொருளுடையன. அதே வேளையில், முறையான சடங்கு நடைபெறாமல் சான்றிதழ் மட்டும் பெறுதல் இந்துத் திருமணம் ஆகாது என உச்ச நீதிமன்றம் 2024இல் விளக்கியது. மணம் ஆடல் பாடலுக்கும் உண்டாட்டுக்கும் உரிய நிகழ்ச்சி மட்டும் அன்று என்றும் அங்கு அறிவுறுத்தப்பட்டது. இரண்டு மாலைகளும் சில சாட்சிகளும் பதிவேட்டில் ஒரு வரியும் இருப்பின், பிற்காலத்தில் எந்த அவையிலும் ஒருவன் ‘அறியேன்’ என்று கூறித் தப்ப இயலாது. பெரியோர் கரணம் வகுத்தது அதற்காகவே.